மறுநுனி பிடிக்க ஆள்

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம் என்று டாக்டர் சொல்கிறார், என் முட்டிக்கு மட்டும் அதில் கருத்து வேறுபாடு. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பக்கத்து வீட்டார் உனக்குப் போனில் சொல்வதற்குள் நானே சொல்வது மேல். நேற்று தக்காளிக் கூடாரத்தில், இரண்டு பக்கமும் தரைவரை வளைந்து இறங்குமே அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூரை, அதில் படிந்த பாசியைக் கழுவ இறங்கினேன். அம்மாவின் முறைதான். பழைய போர்வைகளை நீளமாகத் தைத்து, இரண்டு நுனியிலும் கயிறு கட்டி, சோப்புத் தண்ணீரில் முக்கி, கூரை மேலே போட்டு, இந்தப் பக்கம் நான் அந்தப் பக்கம் அவள் என்று மாற்றி மாற்றி இழுப்போமே, அது. நானும் நனைத்தேன், கயிற்று நுனியில் கல்லைக் கட்டி மறுபக்கம் எறிந்தேன், என் நுனியைப் பிடித்துக்கொண்டு, ம், இழு என்று குரல் கொடுத்தேன். அசையவில்லை. தூங்கிட்டியா, இழுடி என்று இன்னும் உரக்கக் கத்திய பிறகுதான் உறைத்தது. நாற்று நடும்போது இருந்தவள், காய் பறிக்கும்போது இல்லை.

வேலிக்கு அப்பால் வண்டி துடைத்துக்கொண்டிருந்த லாரிக்காரர், அம்மா நெட்டைக்கொக்கு என்று பெயர் வைத்தாளே அவர்தான், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. இருங்கண்ணே, நான் வந்து பிடிக்கிறேன்னு துணியை உதறிவிட்டு வந்துவிட்டார். மற்ற வேலையெல்லாம் போன வாரமே முடித்துவிட்டேன். காய்ந்த செடிகளைப் பிடுங்கினேன், கொடி கட்டிய நூலையெல்லாம் அறுத்தேன், அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கு எந்தக் காலத்தில் வந்தது? சொட்டுநீர்க் குழாயை அலசினேன், கிழிசலுக்கு டேப் ஒட்டினேன், கோணலாகத்தான். அவள் பார்த்திருந்தால், கால்ல அடிபட்டா முதுகுக்கு மருந்து போடுற ஆளு நீங்கன்னு சொல்லியிருப்பாள்.

பாசி போகப் போக மறுபக்கம் தெரியும் அல்லவா, முதலில் நிழல், பிறகு சட்டை நிறம், கடைசியில் முகம். முகம் தெரிந்ததும் அம்மா நாக்கைத் துருத்திக் காட்டுவாள், நரை வந்த பிறகும் விடவில்லை. நேற்றும் முதலில் நிழல், பிறகு நிறம், பிறகு லாரிக்காரர் மீசை. பாவம், அவர் என்ன செய்வார்! கதவோரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, கை வலிக்குதுப்பா, போதும்னு நிறுத்திவிட்டேன். இன்னும் ரெண்டு இழுப்புதானேண்ணே, மூக்கைத் துடைச்சு முகத்தைக் கழுவாம விட்ட மாதிரி இருக்கேன்னு கேட்டார். அந்தப் பக்கம் வெயில் அதிகம், பாசி இருந்தா நிழலாச்சுன்னு ஏதோ உளறினேன். அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரிண்ணேன்னு கயிற்றைச் சுருட்டினார்.

கூடாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய். கழுவி முடித்ததும் பதில் சொல்கிறேன் என்றேன். நாற்றுப் பண்ணைக்காரர் எடுத்துக்கொள்ளத் தயார்தான், நான்தான் தயாரில்லை. பிரிக்கப் போவதில்லை, வாலு. கோபித்துக்கொள்ளாதே. குளிர் மாதங்களில் வந்து உன் சமையலறையைக் குட்டிச்சுவராக்குகிறேன், நடவுக்குத் திரும்பிவிடுவேன். நாற்று வளர்க்க எனக்குத் தெரியாது என்பாய், தெரியாதுதான். நான் சாகடிக்கிறதுபோக மிஞ்சுவது காய்க்கட்டும்.

அழுகை வந்தால் அடக்காதே, ஆனால் வண்டி ஓட்டும்போது வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, அம்மா இல்லையென்று அதில் ஏமாற்றலாம் என்று பார்க்காதே, மாப்பிள்ளையிடம் கேட்பேன். நீங்கள் இருவரும் குறைவில்லாமல், ஒருவர் கயிற்றை ஒருவர் விடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோணல் டேப் ஒட்டும் உன் அப்பா

பி.கு.: கை வலிக்கவில்லை. லாரிக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அந்தக் கதவோரப் பாசிக்குப் பின்னால் நிழல் மட்டும்தான் தெரியும்; அங்கே யார் நின்றாலும், அந்த நெட்டை மனிதரே குனிந்து நின்றாலும், உன் அம்மாதான் நிற்கிறாள்.