தாழ்ப்பாள் இல்லாத துப்பாக்கி

ஐப்பசி 2, திங்கள். ஆயுத பூஜை

காலையிலிருந்து தூறல். கடையைத் துடைத்து முடிக்கவே மத்தியானம் ஆச்சு. எங்கள் பேட்டை, மண்டி மொஹல்லா பூரா வாழைக்கன்றும் பூசணிக்காயும். துப்பாக்கிக் கடை மட்டும் சும்மா இருக்குமா? ரைபிள் எல்லாம் சுவரோரம் வரிசையாக. குழாய்க்குக் குழாய் சந்தனம்.

வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் புது யோசனை. தோட்டாக்களை எல்லாம் டப்பாவிலிருந்து கொட்டி, தாம்பாளத்தில் ஓம் மாதிரி அடுக்கினார். ஒவ்வொன்றின் மூக்கிலும் சந்தனம், குங்குமம். "டப்பாவுக்கா பூஜை? தோட்டாவுக்குத்தானே!" பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானும் பூ வைத்தேன்.

சாயங்காலம் பொன்னப்பா. கூர்க்கில் காபி எஸ்டேட், தசரா பார்க்க வந்தவர். உட்கார்ந்ததும் வழக்கமான சண்டை. அடியில் லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிளில் பழைய மாடல் பலமா, புதுசு பலமா.

இவர்: "பழசைக் கையில தூக்கிப் பாருங்க சார், எவ்வளவு இரும்பு!"

பொன்னப்பா: "எடைக்குப் போடவா இரும்பு? பூட்டு எங்கே இருக்கு, அதைச் சொல்லுங்க முதலியாரே."

நான் பக்கோடா தட்டை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி எண்ணெய் விடுவது யார்? நான்தானே. இங்கேயாவது எழுதுகிறேன்.

பழசு: உள்ளே இரண்டு துண்டு, முழங்கை மாதிரி மடங்கி நீளும். வெடிக்கிற உதை பூரா அந்தத் துண்டுகளும் சின்ன ஆணிகளும்தான் தாங்கணும். தாழ்ப்பாள் கிடையாது. உதை குறைவான கரிமருந்துத் தோட்டாவுக்குப் போதும்.

புதுசு: லீவரை மூடினால் இரண்டு பக்கமும் கட்டையாய்த் தாழ்ப்பாள் ஏறி உட்காரும். எடை கம்மி. பலம் எங்கேயோ மேலே.

பொன்னப்பா சொல்வதுதான் சரி. சொன்னால் இவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார், அப்புறம் யார் சமாதானம் பண்ணுவது.

என் தம்பி சிகாமணி வந்திருக்கான். கோபிநத்தம் பக்கம் மூங்கில் வெட்டுக்கு மேஸ்திரி. அங்கே ராகிக் கொல்லையில் பன்றித் தொல்லையாம், தோட்டா வேணுமாம். அவனிடம் இருப்பது பழசு. இளைத்துப் போயிருக்கான்.

ஐப்பசி 3, செவ்வாய். விஜயதசமி

விடியறதுக்குள் இவர் தோட்டாக்களை டப்பாவில் திரும்பப் போட்டு, பச்சை டப்பா ஒன்றைத் தம்பி கையில் கொடுத்தார். அவன் முதல் பஸ்ஸில் கொள்ளேகாலுக்குக் கிளம்பிட்டான். கட்டிக்கொடுத்த சுண்டலை மறந்துட்டான், கழுதை.

மத்தியானம் தாம்பாளத்தைக் கழுவி வைத்துவிட்டு மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். கரிமருந்துத் தோட்டா இருந்தது.

பச்சை டப்பாவில் இருக்கவேண்டியது. மஞ்சளில் இருக்கவேண்டியது புகையில்லா மருந்து, பலமானது. மூடியிலேயே அச்சு போட்டிருக்கு: புது மாடலுக்கு மட்டும். ஆனால் அளவு ஒன்று. பழசிலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அடியில் பொடி எழுத்துதான் வித்தியாசம். மூக்கில் சந்தனம் காய்ந்திருக்க, யார் பார்த்தார்கள் அடியை?

பலமானது தம்பியிடம் போயிடுச்சு.

இவரிடம் சொன்னேன். முதலில் முழித்தார். அப்புறம், "ஒண்ணும் ஆகாதுடி. அந்த இரும்பு தாங்கும்."

"அவன் கன்னத்தை வெச்சுச் சுடற இரும்புங்க அது!"

சட்டையை மாட்டிக்கொண்டு, கொள்ளேகாலில் இருக்கும் மூங்கில் காண்டிராக்டருக்குத் தந்தி கொடுக்கப் போனார். சுட வேண்டாம் என்று. அங்கிருந்து காட்டுக்கு ஆள் போய்ச் சொல்லணும்.

ஊரே ஊர்வலம் பார்க்கப் போயிருக்கு. அரண்மனைப் பீரங்கி போட்டார்கள்.  தெருவில் யாரோ, "என்ன சத்தம்பா, காதே போச்சு!" என்று சிரிப்பு. ஜன்னலைச் சாத்தினேன்.

ஐப்பசி 4, புதன்

மழை. தந்திக்குப் பதில் இல்லை. இருப்புக்கொள்ளவில்லை. தோசை கருகியது. இரண்டு தடவை உப்பு. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்து எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு.

கண், கன்னம், வலது கை. இதையே நினைக்கிறேன். அவனுக்குப் பெண் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பொன்னப்பா விடைபெற வந்தார். விஷயம் கேட்டு, "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளை மட்டும் கூப்பிட்டார். வாதம் பண்ணவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப பயம்.

சாயங்காலம் கடையில் இவர் தனியாக. பழசு ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றி, அந்த மடிப்புத் துண்டுகளை விரலால் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டு மூடினார். "நாளைக்கு நானே போறேன்."

ஐப்பசி 5, வியாழன்

இவர் பஸ்ஸுக்குப் போய்த் திரும்பி வந்துட்டார். வழியில் ஓடை நிரம்பிப்போச்சாம், பஸ் இல்லை. அவரிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். ஓம் போட்டு அடுக்கினீங்களே, சிகாமணி தலையிலா அடுக்கினீங்க என்று. சொன்னதற்கு வருத்தமில்லை. இல்லை, கொஞ்சம் இருக்கு. அவரும் சாப்பிடவில்லை.

சாமி படத்து முன்னால் நிற்கவும் பிடிக்கவில்லை.

ஐப்பசி 6, வெள்ளி

வெயில். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா!"

முழு ஆளாய் வாசலில். தோளில் ரைபிள். முழங்கால் வரை சேறு. ஒரே சிரிப்பு. தந்தி கிந்தி ஒன்றும் அவனுக்கு வந்து சேரவில்லை.

"மாமா, என்ன தோட்டா அது! இந்தத் துப்பாக்கி இப்படி அடிச்சு நான் பார்த்ததே இல்ல. ரெண்டு பன்னி! லீவர்தான் இறுகிப்போச்சு. முழங்கால்ல வெச்சு அமுக்கி மூடினேன். இப்போ திறக்கவே மாட்டேங்குது. உள்ள இன்னும் ஒரு தோட்டா இருக்கு, பார்த்து."

"உள்ள இருக்கா?"

"மூணாவது பன்னிக்குக் குறி வெச்சுட்டேன் மாமா. குட்டியோட இருந்துச்சு. பாவம்னு விட்டுட்டேன்."

இவர் வாங்கி, குழாயை மண்மூட்டைப் பக்கம் திருப்பி வைத்துத் தகட்டைக் கழற்றினார்.  ஆணி ஒன்று வளைந்திருந்தது. மடிப்புத் துண்டில், நடுவில், தலைமுடி அளவு விரிசல், ஓரத்திலிருந்து ஓரம் வரை.

சுட்டிருந்தால் அந்தத் துண்டு பின்னால் வந்திருக்கும். அவன் கண்ணுக்கு.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துட்டார். "நீ சொன்னதுதான்டி" என்றார். நான் எங்கே சொன்னேன்? பழசில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு நாளாவது சொன்னேனா?

சிகாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. "சரியாயிடுமா மாமா? நாளைக்குள்ள வேணுமே" என்றான்.

ஓங்கி ஒரு அறை விட்டேன். மீசை வைத்த ஆம்பளை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கையை விலக்கிவிட்டு, அவன் முகம் பூரா தடவிப் பார்த்தேன்.