பாதத்தைக் காட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

வைஜெயந்தி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? மழைக்கு முன்னால் உப்பு வாரி முடித்துவிட்டீர்களா? போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. நேற்று எங்கள் ஜெயிலுக்குப் புதிதாக ஒரு கைதி வந்தாள். உன் வயதுதான் இருக்கும். உள்ளே வருகிற எவளையும் உள்ளங்கால் வரை சோதிப்பது வார்டர் வேலை. பாதத்தைக் காட்டச் சொன்னேன். உப்புத் தண்ணீர் தின்ற வெடிப்பு. அச்சு அசல் உன் கால்.

"பேச்சு நம்ம மரக்காணம் பக்கமாட்டம் இருக்குதே. நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்றாள்.

கைதியிடம் சொந்த ஊரைச் சொல்லக் கூடாது. எனக்குப் பின்னால் மேலதிகாரி அம்மா நின்றிருந்தார்.

"வாய மூடிக்கினு இன்னொரு கால காட்டுடி" என்றேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்று காட்டினாள்.

"இப்பதான் நீ வார்டர் ஆயிருக்க" என்று மேலதிகாரி அம்மா என் தோளைத் தட்டினார். பொண்ணுக்குக் கவர்மென்ட் வேலை என்று தெரு முழுக்கச் சொன்னாயே, அது இதுதான்.

அண்ணன் வரும்போது இரண்டு நைட்டியும் கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிடு. இங்கே சமைத்தால் பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று, நீ காலுக்குத் தடவுகிற வேப்பெண்ணெய் ஒரு பாட்டில் வேண்டும். எனக்கு வெடிப்பு எதுவும் இல்லை. அந்தப் பாட்டில் ஜெயிலுக்குள் போகாது என்றும் தெரியும். கேட்டில் பையைச் சோதிக்கிறவளே நான்தான்.

உன் மகள்,
வைஜெயந்தி