ஹெலினாவின் கம்பி ஷூ

ஏப்ரல் 16, 2024 - செவ்வாய்

ஷூ தினம் எத்தனை மணி நேரம் காலில் இருந்தது என்று எழுத ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒரு கட்டம். அதில் ‘23’ என்று எழுதினால் வேறு எதற்கும் இடமில்லை. எனக்கோ பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதனால் இந்த நோட்டு.

என் மகள் ஹெலினாவுக்கு மூன்று மாதம். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கி இருந்தது. வாராவாரம் மாவுக்கட்டு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பி, நேராக்கிவிட்டார்கள். “நேராக்குறது பெரிசில்ல. நேராவே வச்சிக்கிறதுதான் பெரிசு” என்றார் டாக்டர் மைதிலி. அதற்குத்தான் இந்தக் கம்பி ஷூ. இரண்டு குட்டித் தோல் ஷூ, பாதங்கள் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி. இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புப் பட்டை. குளிக்க ஒரு மணி நேரம் போக, மூன்று மாதத்துக்கு எப்போதும் காலில் இருக்க வேண்டும். அப்புறம் நாலு வயது வரை தூங்கும்போது மட்டும்.

கையில் வாங்கியதுமே தெரிந்தது, மைல்ட் ஸ்டீல். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருடமாக ஸ்பிரிங் செய்கிறேன். மனிதனிடம் சாதி கேட்க மாட்டேன், இரும்பிடம் கேட்காமல் விடமாட்டேன்.

23 மணி நேரம். அத்தனை நேரமும் அழுகை. சரி, கொஞ்சம் மிகைதான். கொஞ்சம்தான்.

ஏப்ரல் 17

23. என் மனைவி பெனிஷா ஷூ மாட்டும்போது நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி எடுக்கப் போனேன் என்றேன். கொடியில் துணி எதுவும் இல்லை.

ஏப்ரல் 19 - வெள்ளி

ஓட்டுப் போட லீவு. ஹெலினாவையும் தூக்கிக்கொண்டு அண்ணனூர் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். பின்னால் நின்ற அம்மா ஒருத்தி, “இன்னாமா, பச்சக் கொயந்த காலுக்கு வெலங்கு மாட்டி வச்சிக்கீறீங்க?” என்றாள். பெனிஷா சட்டென்று, “வெலங்கு இல்லக்கா, தண்டவாளம். நேரா போறதுக்கு” என்று சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அந்த வார்த்தை நாள் முழுக்கக் காதிலேயே நின்றது. விலங்கு.

ஏப்ரல் 22 - திங்கள்

இன்று வேலையில் ஒன்று தோன்றியது. மைல்ட் ஸ்டீல் முரட்டுப் பயல். குழந்தை உதைத்தால் அசைந்து கொடுக்காது. மீறி வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். ஸ்பிரிங் ஸ்டீல் அப்படியில்லை. அழுத்தினால் வளைந்து கொடுக்கும், விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

ஹெலினா ஒரு காலை உதைத்தால் மறு காலும் இழுபடுகிறது. அதில்தான் அவளுக்குக் கோபம். பட்டை கொஞ்சம் வளைந்து கொடுத்தால்? அவள் உதைத்துக்கொள்ளட்டும், விட்டதும் தானே நேராகிவிடும். டாக்டருக்கு வேண்டியதும் ஆச்சு, என் பெண்ணுக்கு வேண்டியதும் ஆச்சு. இத்தனை வருடமாக இது ஏன் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை?

ஏப்ரல் 25

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பிரிங் ஸ்டீலில் ஒரு பட்டை செய்துவிட்டேன். அதே நீளம், அதே அகலம், கனம் மட்டும் பாதிக்கும் கீழே. இரும்பு மெத்தென்று இருக்கும்போதே துளை போட்டு, பழைய பட்டையில் இருந்த லேசான வளைவையே இதற்கும் கொடுத்து வேம்புலியிடம் கொடுத்தேன். அடுப்பு அவன் பொறுப்பு. லாரி ஸ்பிரிங்குகளோடு சேர்த்து உள்ளே தள்ளினான். சிவந்து வந்ததும் எண்ணெயில் முக்கினான். அந்த நிலையில் கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் குணத்துக்கு வரும்.

“லாரிக்குப் பண்றோம், பஸ்ஸுக்குப் பண்றோம், நம்ம கொயந்திக்குப் பண்ண மாட்டமா மாமே?” என்றான். அப்புறம், “ஆமா, டாக்டரம்மா கைல கேட்டுக்கினியா?”

கேட்டுக்கலாம் என்றேன்.

ஏப்ரல் 27 - சனி

பெனிஷா கடைக்குப் போன நேரத்தில் பட்டையை மாற்றினேன். மேலே அவள் தைத்த வாத்துப் படம் போட்ட உறை இருப்பதால் வித்தியாசம் தெரியாது. பழையது என் டூல் பாக்ஸில்.

அவளிடம் சொல்லவில்லை. டாக்டர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு, முதலில் கேட்டுட்டு வா என்பாள். ஒரு வாரம் போகட்டும், குழந்தை தூங்குவதைப் பார்த்த பிறகு சொல்லிக்கலாம்.

உதைத்தாள். பட்டை வளைந்து கொடுத்தது. மறுபடி உதைத்தாள். சிரித்தாள்! என் மகள் ஸ்பிரிங்கைப் பார்த்துச் சிரித்தாள்.

23.

மே 5 - ஞாயிறு

கோயிலில் பூசை முடிந்து எல்லாரிடமும் பெனிஷா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்: “பயகிட்டா! இப்பல்லாம் மாட்டும்போது மட்டும் ரெண்டு நிமிசம் அயுவுறா, அவ்ளோதான்.” அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. இப்போது போய்ச் சொன்னால் அதைப் பிடுங்கின மாதிரி ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் இன்னும் மாடிதான்.

மே 19 - ஞாயிறு

ஞானஸ்நானம். வெள்ளை கவுன். “ரெண்டே மணி நேரம் கயட்டி வைக்கலாமா? போட்டோவுக்கு மட்டும்” என்று பெனிஷா கேட்டாள். சரி என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாட்டிவிட்டாள். அட்டையில் நான் 23 போடப் போனேன். “பொய் எய்தாத. இருபத்தி ஒண்ணுனு போடு” என்றாள்.

21.

ஜூன் 3 - திங்கள்

பாதம் மறுபடி உள்பக்கமாகத் திரும்புகிறது.

டாக்டர் இரண்டு விரலால் வெளியே தள்ளிப் பார்த்தார். போன தடவை போன தூரம் போகவில்லை. மறுபடி தள்ளினார். அட்டையைக் கேட்டார். 23, 23, 23 என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்து 21-இல் நின்றார். பெனிஷா அங்கேயே உடைந்துவிட்டாள். “நான்தான் மேடம், போட்டோவுக்கு நான்தான் கயட்டச் சொன்னேன்.”

“ஒரு நாள் ரெண்டு மணி நேரத்துல இப்படி ஆகாதும்மா. வேற ஏதாவது மாத்தினீங்களா?”

“இல்ல மேடம்” என்றாள் பெனிஷா.

டாக்டர் என்னைப் பார்த்தார். “இல்ல மேடம்” என்றேன்.

நான் சொன்னேன் அதை. என் வாயால்.

மறுபடி மாவுக்கட்டு, மூன்று வாரம். அதற்குப் பிறகும் உள்ளே திரும்பினால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டுமாம்.

ஜூன் 5

பெனிஷா சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளை கவுனைப் பீரோவின் அடியில், பழைய புடவைகளுக்குக் கீழே திணித்துவிட்டாள். “என் ஆசைக்குக் கொயந்த கால பாயாக்கிட்டேன்” என்கிறாள். அப்படி இல்லை என்றேன். ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கல. கேட்காததால சொல்லலியா? இன்னா மனுசன்டா நீ.

ஜூன் 8 - சனி

பெனிஷா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் பக்கம் உட்கார்ந்து ஷூவையும் பழைய பட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்ததும் ஷூவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு ஸ்க்ரூ, ஐந்து நிமிட வேலை. பழையதைப் பூட்டிவிட்டால் டாக்டருக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. ஊரே அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் சொல்லும்.

மூன்று ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன், மூன்று கழற்றினேன். உள்ளேயிருந்து பெனிஷா குழந்தையிடம் பேசுவது கேட்டது: “அம்மா இனிமே கயட்டவே மாட்டேன் கண்ணு. அம்மாவ மன்னிச்சிக்கோ.”

நாலாவதையும் கழற்றி, எழுந்து போய் என் ஸ்பிரிங் பட்டையை அவள் மடியில் வைத்தேன். எல்லாம் சொன்னேன். வளைத்துப் பார்த்தாள். வளைந்தது. விட்டாள். நேரானது. திரும்பவும் வளைத்தாள்.

நாங்கள் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவள் என்னைத் திட்டி நிறைய கேட்டிருக்கிறேன். இன்று குரலே உயரவில்லை.

“கம்பிய மாத்தினது கூட உடு. நல்லதுக்குன்னுதான் பண்ண. அஞ்சு நாளா நான் என்னியே கரிச்சிக் கொட்டிக்கினு கீறேன். நீ பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தியா?”

ஆமாம். இருந்தேன்.

ஜூன் 9 - ஞாயிறு

சோறு போட்டாள். பேசவில்லை.

ஜூன் 10 - திங்கள்

அடுத்த மாவுக்கட்டு. டாக்டர் மேசையில் பட்டையை வைத்து நானே சொன்னேன். போன வாரம் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, முதலில் “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க” என்றார். அது திட்டுவதைவிட மோசம்.

“அந்தப் பாதமே ஒரு ஸ்பிரிங்தான் சார். எவ்வளவு திருப்பினாலும் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும், தூங்கும்போதும்கூட. எதிர்ல ஒண்ணு வளைஞ்சு கொடுக்காம நிக்கணும். இல்லன்னா அது ஜெயிச்சிடும்.”

பதினோரு வருடமாக ஸ்பிரிங்கோடு புழங்குகிறேன். என் வீட்டில் ஒன்று இருந்தது எனக்குத் தெரியவில்லை. அழாமல் இருந்தால் சரியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பெனிஷா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். திருமுல்லைவாயில் தாண்டியதும் கேட்டாள்:

“பயய கம்பி எங்க கீது?”

“டூல் பாக்ஸ்ல.”

“துரு புடிக்கப் போவுது. தொடச்சி வை.”

இரண்டு நாள் கழித்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. வீட்டுக்குப் போனதும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன்.

ஜூன் 24 - திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் தள்ளியதும் பாதம் நன்றாக வெளியே போகிறது. இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சு இல்லை. “இனிமே உங்க கையிலதான் இருக்கு” என்றார் டாக்டர்.

வீட்டில் பெனிஷா ஷூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். “இனிமே நீ மாட்டு. மாடிக்கெல்லாம் போ வேணாம், துணி ஒண்ணும் காயல.”

அப்போ அன்றைக்கே தெரிந்திருக்கிறது இவளுக்கு.

முதலில் வலது கால். குதிகால் அடியில் நன்றாகப் படிந்ததா என்று பார்த்து, நடு வாரை இழுத்து, அப்புறம் கயிறு. ஹெலினா வீறிட்டாள். வேறெங்கும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்து அழுதாள். இடது காலை எடுத்தேன். பெனிஷா பின்னால் நின்று என் தோளில் கை வைத்துக்கொண்டாள். மாட்டி முடிக்கும் வரை எடுக்கவில்லை.

ஜூன் 25

23. அழுதாள். நான் மாட்டினேன்.

ஜூலை 9

23. கொஞ்சமாக அழுதாள். வேம்புலி மீதிக் கதையைக் கேட்டான், சொன்னேன். “நானும் சூட்ட ஏத்திக் குட்தேன் மாமே, எனக்கும் பங்கு கீது” என்று ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தனுப்பினான்.

செப்டம்பர் 30 - திங்கள்

இன்றிலிருந்து தூங்கும்போது மட்டும். பகலில் வெறுங்கால்! பெனிஷா அந்தப் பாதத்தை முத்தமிட்டே சிவக்க வைத்துவிட்டாள். எனக்கும் முறை வந்தது.

மே 14, 2025 - புதன்

இந்த நோட்டில் எழுதி வெகுநாள் ஆகிறது. ஹெலினா போன மாதம் நடக்க ஆரம்பித்துவிட்டாள், இரண்டு பாதமும் நேராக. போன வாரம் டாக்டர் அவளை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். ஷூ மட்டும் இன்னும் மூன்று வருடம் உண்டு.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், ஹெலினா கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்து, பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். பெனிஷா “இங்க குடு கண்ணு” என்று கை நீட்டினாள். கொடுக்கவில்லை. அவளைத் தாண்டி வந்து என் முன்னால் பொத்தென்று போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். கொட்டாவி விட்டாள்.

“ப்பா” என்று சொல்லி, வலது காலை முதலில் நீட்டினாள்.