ஆள் உட்கார்ந்திருக்கும் கார்

அன்பான சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறதே, அம்மாவுக்குக் கை நடுங்குகிறதோ என்று பயப்படாதே, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன், எங்கே உட்கார்ந்து என்று பிறகு சொல்கிறேன்.

எல்லாம் நீ விட்டுப்போன கார் விஷயம்தான். நம் தெருவில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் இடப்பக்கம் நிறுத்த வேண்டும், மறுநாள் வலப்பக்கம், காலியாக இருக்கிற பக்கத்தைப் பெருக்கும் வண்டி வந்து பெருக்குமாம். மாறி நின்றால் இழுவை வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. எனக்கோ சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, உன் அண்ணன் ஊரின் அந்தக் கோடியிலிருந்து தினமும் வரமுடியுமா? கீழ்க்கடை டெய்லர்தான் பாவம், நான் மாத்தி வெக்கிறேன் சார் என்று தானாக வந்து சாவியை வாங்கினார். ஒழுங்காகத்தான் மாற்றி வைத்தார். ஆள் குள்ளம், கால் எட்டவில்லை என்று இருக்கையை முன்னால் இழுத்துவிட்டார், அவ்வளவுதான், அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சாயங்காலம் முழுக்க அதை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, சின்னவன் வெச்சது இந்த எடம்தானா, இதுதானா என்று என் உயிரை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சாவியை யாருக்கும் தருவதில்லை.

அப்புறம் கார் எப்படி நிற்கிறது என்று கேட்பாய். உன் அப்பா எந்தச் சட்டத்திலும் சந்து கண்டுபிடிப்பவராயிற்றே. ஓட்டுகிற இடத்தில் ஆள் இருந்தால் வண்டியைத் தூக்கமாட்டார்களாம், அபராதம் எழுதுகிற பெண்ணிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, உன் காரில் உட்கார்ந்திருக்கிறார். பெருக்கும் வண்டிக்காரர் முறைத்துக்கொண்டே சுற்றிப் போகிறார். நான் இங்கே குட்டி போட்ட பூனை மாதிரி ஜன்னலுக்கும் மாடிப்படிக்கும் அலைகிறேன், அடுப்பில் வைத்தது தீய்கிறது, துணி காய்ந்ததா என்று பார்க்க மறந்துபோகிறது. அவர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்துபோனால் கார் போய்விடும் என்று பயம். நான் கொண்டுபோய்க் கொடுக்கிற டீயையும் பாதியில் திருப்பித் தருகிறார், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

போன வாரம் அந்த அபராதப் பெண்தான் கீழே நின்று கத்தினாள், அம்மா சீக்கிரம் வாங்க, ஐயாவுக்கு என்னமோ ஆயிடுச்சு என்று. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கண்ணாடியில் தலை சாய்ந்து கிடந்தார். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை, வண்டிக்கு அபராதம் எழுதிட்டாங்களா. எனக்கு அந்த நேரத்தில் உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது.

இன்றைக்கு அண்ணன் அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறான். நான் வந்து உட்கார்ந்தால்தான் இறங்குவதாக அவர் அடம், அதனால் உன் காரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சற்றுமுன் அந்தப் பெண் குனிந்து பார்த்து, உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா என்றாள். உட்காரத் தெரியும் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள், ஆனால் போகும்போது, எத்தன நாளைக்கும்மா இப்படி என்று கேட்டாள். அது உனக்குத்தான் தெரியும்.

அப்பாவைக் கேட்டால், வரும்போது அவனுக்கு வண்டி வேணுமில்ல என்பார். நீ போனில் பார்க்கலாம்ப்பா என்கிறாய், அவர் காதில் வருகிறேன் என்று விழுகிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். டெய்லர் காரைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார், நல்ல மனிதர், துடைத்து வைத்துக்கொள்வார். நீ வருவதாக இருந்தால் எப்போது என்று சொல், அதுவரை நாங்கள் மாறி மாறி உட்காருகிறோம். வருவதாக இல்லையென்றால் அதையும் அவரிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் நம்பமாட்டார். நான் ஒன்றும் இடிந்துபோய்விட மாட்டேன், தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே, ஞாபகம் வைத்துக்கொள். இழுவை வண்டி தெருமுனையில் திரும்புகிறது, பயமில்லை, நான் இருக்கிறேன். எனக்கும் கால் எட்டவில்லை. இருக்கையை நகர்த்தவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா