முப்பத்தேழாம் இலக்கத்தில் இருக்கிறம்

லண்டன்,
ஒக்டோபர் 1993

அன்பு மருமகள் சிவமலருக்கு,

மாமா எழுதிக்கொள்வது. பொஸ்டன் குளிருக்குள் நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் சுகத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறோம். மாமிக்கு மட்டும் முழங்கால் நோவு. லிப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடியும் நடந்துதான் ஏறுகிறாள். எனக்கு ஒரு நோவும் இல்லை. இந்த வயதில் நான் படியேறும் வேகத்தைப் பார்த்துக் கீழ்வீட்டு வெள்ளைக்காரன் ஓட்டப் பந்தயத்தை விட்டுவிட்டான்.

குகனைப் பற்றி நீ கேட்டிருந்தாய். புதிதாக ஒன்றும் இல்லை. போன வருடம் பொங்கல் கழித்துப் பாங்கொக்கிலிருந்து, அவனை இங்கே கூட்டிவரக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் எடுத்துக் கொடுத்த போனில் பேசினானே, அதுதான் கடைசி. அந்த ஆள் குகனை ஒரு துண்டுக் கடதாசியும் கையில் வைத்திருக்க விடவில்லையாம். அதனால் எங்கள் விலாசத்தைப் பாடமாக்கி வைத்திருப்பதாகச் சொல்லி, போனிலேயே தேவாரம் மாதிரி ஒப்புவித்தான். "வீட்டை மட்டும் மாத்திப்போடாதேங்கோ அப்பா, எனக்கு வேற ஒண்டும் தெரியாது" என்றான். என் மகன் கெட்டிக்காரன். எந்த நாட்டில் நின்றாலும் அந்த நாட்டு மந்திரியோடு சிநேகிதம் பிடித்திருப்பான். ஆனபடியால் நீ கவலைப்படாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் நீ எழுதிய கடிதம் இங்கே ஒரு யுத்தத்தையே வென்று தந்திருக்கிறது. உன் படிப்புக்காகப் பொஸ்டனின் நகரப் புதுப்பிப்புச் சரித்திரத்தை ஆராய்வதாக எழுதியிருந்தாய் அல்லவா? மேற்கு முனை என்ற பேட்டையைச் சேரி என்று பெயர் சூட்டி இடித்தார்கள், இத்தாலியச் சனமும் யூதச் சனமும் ஆயிரக்கணக்கான குடும்பமாய்ச் சிதறிப்போனார்கள், அந்த நிலத்தில் வசதிக்காரருக்கு மாடிக்கட்டடம் எழும்பியது என்று. அந்தச் சனம் முப்பது வருடம் கழித்தும் ஒருவரை ஒருவர் தேடிக் கூடுகிறதாம் என்றும் எழுதியிருந்தாய். நான் உரத்து வாசிக்க, மாமி வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள்: தபால்காரன் பிறகு அந்தச் சனத்தை எங்கே போய்த் தேடினான்?

அது கிடக்கட்டும். போன மாதம் இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரான கவுன்சில் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டது. இந்த லின்னெட் ஹவுசில் ஆங்கிலம் வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது என்று உனக்குத் தெரியும். மேலே பெரிய எழுத்தில் ரினிவல் என்று இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் சமூக மண்டபத்துக்கு வரச்சொல்லி அழைப்பு. எங்கள் சனத்துக்கு ரினிவல் என்றால் ஒன்றே ஒன்றுதானே, விசா புதுப்பிப்பது. விசா கொடுக்கும் ஹோம் ஒபிஸ் இம்முறை வீட்டு வாசலுக்கே வந்து முத்திரை குத்தப்போகிறது, பாஸ்போட்டும் போட்டோவும் கொண்டு வாருங்கள் என்று கதவு கதவாய்த் தட்டிச் சொன்னேன்.

நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று எங்கள் மாடியில் இருந்த பத்மநாதன் உனக்குப் போன் பண்ணிச் சொல்லுவான். நம்பாதே. சனத்தைத் திரட்ட நான் போட்ட திட்டம் அது.

மண்டபத்தில் கவுன்சில்காரர் இரண்டு வரிசைக் கதிரைதான் போட்டிருந்தார்கள். எங்கள் சனமோ கோயில் திருவிழா மாதிரி வந்து இறங்கியது. பெண்கள் கூறைச்சேலை, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வாரிய தலை, எல்லார் கையிலும் பாஸ்போட். டூட்டிங்கில் இருக்கும் சகலனைக்கூட ஒருவர் கூட்டி வந்திருந்தார். இருநூறு பேர் என்று நான் சொல்லி வருகிறேன். மாமி அதில் பாதி என்கிறாள். நீ இருநூறு என்றே வைத்துக்கொள்.

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளம் அதிகாரி சுவரில் படம் காட்டினான். அதிலே எங்கள் கட்டடத்துக்கு மேல் சிவப்புக் கோடு போட்டு நான்காம் இலக்க நிலத்துண்டு என்று எழுதியிருந்தது. படப்பெட்டியைத் தட்டி அடுத்த படம் போட்டான். அங்கே கட்டடம் இல்லை. புல்லும் புது வீடும் சைக்கிள் ஓடும் வெள்ளைக்காரக் குடும்பமும்தான். பக்கத்தில் இருந்த பத்மநாதன் பாஸ்போட்டை விரித்து வைத்துக்கொண்டு என் காதுக்குள் கேட்டான்: "தில்லையண்ணை, உதிலை எங்கை முத்திரை குத்துறது?"

அந்த நிமிடத்தில்தான் உன் கடிதம் என் மண்டையில் மணி அடித்தது. ரினிவல் என்றால் புதுப்பிப்பு. புதுப்பிப்பு என்றால் நீ எழுதிய இடிப்பு. எழும்பினேன்.

பொஸ்டனில் என் மருமகள் பேராசிரியர் என்றேன். (அவர்கள் விசாரிப்பதற்குள் நீ ஆகிவிடு.) நானே அங்கே போய் நின்று பார்த்தேன் என்றேன். மேற்கு முனையில் சனத்தைக் கலைத்த கதையைச் சொன்னேன். பிறகு நீ எழுதிய, அதே நகரத்துத் தெற்கு முனைக்கு வந்தேன். அங்கே போர்ட்டோ ரிக்கோச் சனத்தின் தெருக்களுக்கு வரைபடத்தில் பத்தொன்பதாம் இலக்கம் போட்டார்கள், அந்தச் சனம் பத்தொன்பதை விட்டு அசையமாட்டோம் என்று நின்று, அதே இடத்தில் தங்களுக்கென்று வீடு கட்டுவித்தது என்றேன். பத்தொன்பது அசையவில்லை, நான்கு ஏன் அசையவேண்டும் என்று மேசையில் அடித்தேன். மண்டபம் அதிர்ந்தது. மேசை கொஞ்சம் உடைந்ததும் உண்மை.

அதிகாரி நல்ல பெடியன், கோபிக்கவில்லை. எல்லாருக்கும் வேறு வீடு தருவோம், புது வீடு கட்டி முடிந்ததும் விரும்பியவர்கள் திரும்பி வரலாம், அதுவரை உங்கள் கடிதங்களைத் தபால் கந்தோர் ஒரு வருடம் புது விலாசத்துக்கு அனுப்பும் என்று விளக்கினான். அதற்குப் பிறகு என்று கேட்டேன். அதற்குப் பிறகு இந்த இலக்கங்களே இருக்காது, தெருவுக்கே புதுப் பெயர் வரும் என்றான்.

அப்போது மாமி எழும்பினாள். பால்கடையில்கூட ஆங்கிலம் பேச என்னைத் தள்ளிவிடுகிறவள். கூறைச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பெடியனைப் பார்த்துச் சொன்னாள்:

"மை சன் ஒன்லி திஸ் நம்பர் நோ."

தெரியும் என்ற வினையைத் தமிழ் மாதிரிக் கடைசியில் வைத்துவிட்டாள். ஆனாலும் விளங்காதவர் ஒருவரும் அங்கே இல்லை. பெடியன் படப்பெட்டியின் விளக்கை அணைத்தான். முதலாம் மாடியில் இருக்கும் ஜமேக்காக்கார மிசிஸ் காம்ப்பெல் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, தானும் அசையப்போவதில்லை என்றார். பிறகு ஒருவரும் எழும்பவில்லை. பாஸ்போட்டை மடியில் வைத்தபடியே எல்லாரும் இருந்தார்கள். மேலிடத்தில் பேசுகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் கதிரைகள் அசைந்தன.

லின்னெட் ஹவுஸ் விஷயம் வசந்தகாலம் வரை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று போன கிழமை அறிவித்தார்கள். மாமி இதை ஒத்திவைப்பு என்கிறாள். நான் வெற்றி என்கிறேன். சரித்திரம் எழுதுகிறவள் நீ, எந்தச் சொல்லைப் போடவேண்டும் என்று உனக்குத் தெரியும்.

ஒளிக்காமல் இதையும் சொல்லவேண்டும். பத்மநாதன் குட்மேய்சில் வீடு வாங்கிப் போய்விட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இங்கே சுவர் முழுக்க ஈரம், அவன் சின்னவளுக்கு எந்நேரமும் நெஞ்சுச் சளி. ஞாயிறு தோறும் படியேறி வந்து எங்களோடு சேர்ந்து கவுன்சிலைத் திட்டிவிட்டுப் போகிறான். அவன் விட்டுப்போன வீட்டுக் கதவில் கவுன்சில் இரும்புத் தகடு அடித்திருக்கிறது. எங்கள் மாடியில் இப்போது மூன்று தகடு. இரவில் காற்றுக்கு அவை அடிக்கும்போது யாரோ தட்டுகிறார்கள் என்று மாமி எழும்பிப் போய்க் கதவைத் திறக்கிறாள்.

ஆகையால் நான் ஒரு வேலை செய்தேன். சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்து, பல்கனியின் வெளிச்சுவரில், ரயில் பாதையைப் பார்க்கிற பக்கம், என் உயரத்துக்கு 37 என்று எழுதினேன். இல்ஃபோர்ட் ரயிலில் போகிறவர் எல்லாருக்கும் தெரியும். ஆகாயவிமானக்காரனுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அதன் கீழே தமிழில் "இருக்கிறம்" என்று எழுதியிருக்கிறேன். நீ படித்தவள், "இருக்கிறோம்" என்றுதான் எழுதவேண்டும் என்பாய். குகன் எங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த சொல் இருக்கிறம்தான். பெயிண்டை அழிக்கச் சொல்லிக் கவுன்சில் ஆள் அனுப்பியது. ஆளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன்.

உன்னிடம் ஒரு உதவி. அசையமாட்டோம் என்று அந்தப் போர்ட்டோ ரிக்கோச் சனம் தங்கள் பாஷையில் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. வசந்தகாலக் கூட்டத்தில் அதைச் சொல்லித்தான் தொடங்கப்போகிறேன்.

லின்னெட் என்றால் ராணியின் கழுகு என்று நான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். மிசிஸ் காம்ப்பெல் அது ஒரு சின்னக் குருவி என்கிறார். குருவி என்றாலும் கூடு எங்களுடையது.

நன்றாகப் படி. சாப்பாட்டைக் குறைக்காதே. மாமி உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். அமெரிக்கா பெரிய நாடு, எந்தப் பக்கத்தாலும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். யாராவது ஒரு பெடியன் உனக்குப் போன் எடுத்து, வெட்கப்பட்டுப் பேசாமல் நின்றாலும், நீ போனை வைத்துவிடாதே. வீடு மாறவில்லை என்று மட்டும் சொல்லு. கீழே எழுதுவது உனக்குத் தெரிந்த விலாசம்தான். இருந்தாலும் முழுக்க எழுதுகிறேன்.

எந்தக் காலத்திலும் உன்னை வாழ்த்தும் மாமா,
தில்லையம்பலம்
37, லின்னெட் ஹவுஸ்,
மூன்றாம் மாடி, நீலக் கதவு,
லண்டன்.