சூரணத்தில் கிடந்த வெள்ளைத் துண்டு

தாயம்மா,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. ரசம் இருக்கிறது, சூடு பண்ணிக்கோ. பூட்டிக்கொண்டு எங்கேயும் போகாதே, என்கிட்டே சாவி இல்லை.

கரையான்சாவடி வைத்தியன் கொடுத்த சூரண டப்பாவைத் தேடாதே, நான்தான் எடுத்துப் போகிறேன். வெறும் மூலிகை என்றானே, சலித்துப் பார்த்தேன். அரைபடாத வெள்ளை மாத்திரைத் துண்டு ஒன்று, நடுவில் கோடு போட்டது. எந்தச் செடி கோடு போட்டுக் காய்க்கிறது? உன் முகம் உப்பிக்கொண்டே போகிறது. எதிர்வீட்டுக்காரி, "இன்னாக்கா, நல்லா தேறிட்டே" என்கிறாள். அது தேறினது இல்லை, வீக்கம். ஆவடி டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வருகிறேன்.

அந்த வைத்தியன் போன் பண்ணினால் எடுக்காதே.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நேற்று என்னை சந்தேகப்பிராணி என்றாய். ஆறு வருஷமாய் கால் எரியுது என்கிறாய். எல்லா ஸ்கேனும் நார்மல் என்றார்கள், நம்ம பையன்கூட சிரித்தான். நான் ஒருநாளாவது சந்தேகப்பட்டேனா?