உன் சோடா மூடி

மேசை இழுப்பறையில் பேனா தேடியபோது உன் பன்னீர் சோடா மூடி கையில் பட்டது. பக்கத்திலேயே என்னுடையதும் கிடந்தது. காலையிலிருந்தே எனக்கு ஏதோ பயம், இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேனடி.

கணினி இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலில், கோப்பு எழுதும் பகுதியில், நாம் இருவரும் திட்டித் தீர்த்த அந்தப் பெரிய பூட்டை எடுத்துவிட்டேன். ஒருவர் கோப்பைத் தொட்டால் மற்ற எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டுமே, அதே பூட்டு. "எங்க ஆஸ்டின் டவுன் லைன் வீட்டு பொது பாத்ரூம்டி இது. உள்ள ஒருத்தர், வெளிய பக்கெட்டோட ஊரே நிக்கும்" என்பாய். இப்போது கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சின்னப் பூட்டு போட்டிருக்கிறேன். வேகம் கூடிவிட்டது, சோதனைகளிலும் தேறிவிட்டது. இன்று சாயங்காலம் இது ஒரு மருத்துவமனையின் சர்வர்களுக்குப் போக வேண்டும். யாருடைய ஸ்கேன் படமாவது அழிந்துபோனால் என்ன செய்வேன்?

கேன்டீனில் நிரலைத் தாளில் அச்செடுத்து விரிப்பாய். "நீ ஒரு ப்ராசஸர், நான் ஒரு ப்ராசஸர், ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுது. மூடியை வரி வரியா நகத்து." தாயம் ஆடுகிறோமா என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நானும் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிட்டேன். "பயமா இருக்குற எடத்துலயே நில்லுடி, அங்கதான் ஏதோ இருக்கு" என்று முறைப்பாய். போன மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோன பிறகு, நான் அந்த மூடிகளைத் தொடவே இல்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "ஆய்தா, முடிஞ்சிதா? அனுப்பிடலாமா?"

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

புது நிரலை அச்செடுத்துத் தாளை விரித்தேன். வலது கையில் என் மூடி, இடது கையில் உன்னுடையது. கடைசி வரி வரை ஒரு தவறும் இல்லை. பிறகுதான் உறைத்தது, என் இடது கை வலது கைக்கு வழி விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நீ ஒருநாளும் எனக்கு வழி விட்டதில்லை.

மறுபடி, நீ ஆடுவது போலவே உன் மூடியை முரட்டுத்தனமாகக் குறுக்கே நுழைத்தேன். இரண்டு மூடிகளும் ஒரே வரியில் வந்து நின்றன. கோப்பின் கடைசியில் சேர்த்து எழுத வரும் இருவரும், அது எங்கே முடிகிறது என்று ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், இருவருக்கும் ஒரே இடம் தெரிகிறது. இரண்டாவதாக எழுதுபவர் முதலில் எழுதியதை அழித்துவிடுவார். பிழைச்செய்திகூட வராது. கோப்பின் நீளத்தையும் அந்தப் பழைய பூட்டுதான் காத்து வந்திருக்கிறது; என் சின்னப் பூட்டுகள் அதைக் காக்கவில்லை.

"இன்னிக்கி வேணாம் சார், தப்பு இருக்கு" என்றேன்.

"டெஸ்ட்லயே வரலியே! யார் கண்டுபிடிச்சது?"

"நாங்க ரெண்டு பேரும்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் பக்கத்திலிருந்த உன் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு மூடிகளையும் பைக்குள் வைத்திருக்கிறேன். இப்போது நான்தான் பயந்தாங்கொள்ளி. இன்று உன் ஆட்டம் நினைவிருந்தது. ஒருநாள் அது மறந்து, இரண்டு கைகளும் என்னுடையவையாகவே ஆகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறதடி.